டிலே போட்டால் போதுமா, ட்வீட்டரை நகர்த்த வேண்டுமா?

கேள்வி இதுதான். ஸ்விஃப்ட் கார். கதவின் அடியில் கம்பெனி கொடுத்த இடத்திலேயே 6.5 இன்ச் வூஃபர் (கீழ், நடுச் சத்தத்துக்கு), சைடு மிரருக்கு உட்புறம் இருக்கும் முக்கோண பிளாஸ்டிக்கில் ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கு), டிக்கியில் சின்ன சப்வூஃபர் (அடி பேஸுக்கு). ஓட்டுகிறவர் காதுக்குப் பாட்டு முழுக்க வலது கதவிலிருந்தே வருகிறது. கடைக்காரர் "டிஎஸ்பி போடுங்க சார், ஸ்பீக்கர் எங்கே இருந்தாலும் டைம் அலைன்மெண்ட்ல சரியாயிடும்" என்கிறார். டிஎஸ்பி என்பது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் சத்தத்தைத் தனித்தனியாகத் திருத்தும் கருவி; டைம் அலைன்மெண்ட் என்றால் அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வேண்டிய தாமதத்தை, அதாவது டிலேயை, வைப்பது. நண்பர் ஒருவரோ "டிஎஸ்பி எல்லாம் ஏமாற்று, கிக் பேனல்ல ஸ்பீக்கரை இறக்கு, அதுதான் நிஜ வைத்தியம்" என்கிறார். கையில் இருப்பது 40,000 ரூபாய். எதில் போடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிக் பேனல் (கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவர்) பக்கம் போகாதீர்கள், ட்வீட்டரை நகர்த்துங்கள், மீதிப் பணத்தில் டிஎஸ்பி வாங்குங்கள், ஆனால் இந்த வரிசையில்தான். டிஎஸ்பியை முதலில் வாங்கி அதற்கு அப்புறம் ட்வீட்டரை நகர்த்தினால் போட்ட டியூனிங் எல்லாம் வீண், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் வழக்கமாக உட்காரும் மாதிரி உட்காருங்கள், மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இந்த அளவு ஹேட்ச்பேக்கில் நான் அளந்த கார் ஒன்றில் வந்த கணக்கு இது: வலது வூஃபர் 84 செ.மீ., இடது வூஃபர் 131, வலது ட்வீட்டர் 78, இடது ட்வீட்டர் 124, டிக்கியில் சப் 165. உங்களுடையதில் சில சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும், பெரிய மாற்றம் இருக்காது. இடது, வலது வூஃபருக்கு இடையே 47 செ.மீ. வித்தியாசம். நம் ஊர் வெப்பத்தில் சத்தம் விநாடிக்குச் சுமார் 347 மீட்டர் போகும், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34.7 செ.மீ. அப்படியானால் இடது பக்கச் சத்தம் உங்கள் காதுக்கு 1.35 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது.

இது ஒரு விஷயமா என்று தோன்றும். பெரிய விஷயம். ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து சில மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் வந்தால், மூளை முதலில் வந்ததைத்தான் "இங்கிருந்துதான் வருகிறது" என்று எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்தப் பகுதியைத்தான், அதனால்தான் கார் ஆடியோ ஆட்கள் இன்னும் "ஹாஸ் எஃபெக்ட்" என்கிறார்கள். வித்தியாசம் 1 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பாடகர் நடுவிலிருந்து முந்தி வரும் பக்கமாக நகர்வார். அதைத் தாண்டிவிட்டால் முழுக்க அந்தப் பக்கமே போய் உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு 1.35. பாடகர் உங்கள் வலது முழங்கால் மேல் உட்கார்ந்து பாடுவதற்குக் காரணம் இதுதான். பேலன்ஸை இடது பக்கம் திருப்பினால் கொஞ்சம் நகர்கிற மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் நிற்கமாட்டார், டேஷ்போர்டு முழுக்கப் பரவிக் கலங்கிப் போவார்.

இன்னொன்றும் நடக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்போது (பாடகர் குரல் பெரும்பாலும் அப்படித்தான் பதிவாகியிருக்கும்) 47 செ.மீ. என்பது 370 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சரியாக அரை அலைநீளம். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே, அந்த இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். குரலின் சதை இருக்கிற இடம் அது. எஸ்.பி.பி. பாடியது ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்டால் குரல் ஒல்லியாக, தொண்டையிலிருந்து மட்டும் வருகிற மாதிரி தோன்றும். ஈக்வலைசரில் 370ஐ ஏற்றிப் பார்ப்பீர்கள், ஒன்றும் நடக்காது, ஏற்ற ஏற்ற இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி அதே அளவு அடித்துக்கொள்ளும்.

டிலே இந்த இரண்டையும் சரி செய்யும். இதில் கடைக்காரர் சொன்னது பொய்யே இல்லை. கிட்டே இருக்கும் ஸ்பீக்கரைக் காத்திருக்க வைக்கிறோம், அவ்வளவுதான். மேலே உள்ள அளவுகளுக்கு, எல்லாவற்றையும்விடத் தூரத்தில் இருக்கும் சப்புக்கு 0, இடது வூஃபருக்கு 34 செ.மீ. பாக்கி, அதாவது 0.98 மில்லிசெகண்ட், இடது ட்வீட்டருக்கு 1.18, வலது வூஃபருக்கு 2.33, வலது ட்வீட்டருக்கு 2.51. இதைப் போட்டுவிட்டு பட்டனை ஆன் செய்த அந்த நொடியில் பாடகர் முழங்காலிலிருந்து எழுந்து டேஷ்போர்டு நடுவில் போய் நிற்பதை முதல்முறை கேட்கிறவர் யாராக இருந்தாலும் வாயைப் பிளப்பார். நானும் பிளந்தேன்.

சரி, அப்படியென்றால் ஸ்பீக்கர் எங்கே இருந்தால் என்ன?

டிலே மாற்றுவது ஒரே ஒரு விஷயத்தை: சத்தம் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை. கிளம்பிய பிறகு அது எங்கே போய் மோதுகிறது என்பது அதன் கையில் இல்லை. உங்கள் முக்கோண பிளாஸ்டிக் ட்வீட்டரையே எடுத்துக்கொள்வோம். அது பக்கவாட்டுக் கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி இருக்கிறது. நேராக உங்கள் காதுக்கு வரும் சத்தம் ஒன்று, கண்ணாடியில் பட்டு 10, 15 செ.மீ. கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வரும் சத்தம் இன்னொன்று, முன் கண்ணாடியில் பட்டு வருவது மூன்றாவது. நீங்கள் 2.51 மில்லிசெகண்ட் டிலே போட்டால் இந்த மூன்றும் சேர்ந்துதான் 2.51 மில்லிசெகண்ட் தள்ளிப் போகும். அவற்றுக்குள் இருக்கும் இடைவெளி அப்படியே இருக்கும். அந்த இடைவெளிதான் மேல் சுரங்களில் கரகரப்பையும், "ச", "ஷ" வரும்போதெல்லாம் காதில் ஊசி குத்துவதையும் கொண்டுவருகிறது. ஈக்வலைசரால் கொஞ்சம் மழுக்கலாம், எடுக்க முடியாது.

அப்புறம் வூஃபர். 6.5 இன்ச் ஸ்பீக்கரின் கோன் குறுக்களவு சுமார் 13 செ.மீ. சத்தத்தின் அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது, தோராயமாக 2,600 ஹெர்ட்ஸில், அது டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பித்திருக்கும். சத்தம் பரவும் அகலம் சுருங்க ஆரம்பிப்பது அதற்கும் முன்பே. கதவில் இருக்கும் வூஃபர் அடிப்பது எதிர்க்கதவையும் உங்கள் கெண்டைக்காலையும் நோக்கி. அந்த அலைவரிசையில் உங்கள் காதுக்கு வருவது மிச்சம் மீதிதான். அந்த மிச்சத்தை எந்த மில்லிசெகண்டில் கொண்டுவந்து கொடுத்தாலும் மிச்சம் மிச்சமாகவே இருக்கும். ட்வீட்டரை 2,500 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கி ஓட்ட முடிந்தால் தப்பிக்கலாம், அதற்கு அந்த ட்வீட்டர் தாங்க வேண்டும். அதன் ரெசனன்ஸ் (அது தானாகவே அதிரும் அலைவரிசை) எங்கே இருக்கிறதோ அதற்கு இரண்டு மடங்குக்குக் கீழே இறக்காதீர்கள்.

மூன்றாவது, டிலே ஒரு சீட்டுக்கு மட்டும். உங்களுக்கு 47 செ.மீ.யை அழித்தபோது பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அது 94 ஆகிவிட்டது. அவருக்கு ஏற்கெனவே இடது பக்கம் கிட்டே, இப்போது வலது பக்கம் இன்னும் பின்தங்கி வருகிறது. 370இல் இருந்த பள்ளம் 185 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அதாவது குரலில் இருந்து போய் மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார் பக்கம். "உன் பக்கம் மட்டும் நல்லா இருக்கு, எனக்கு ஏதோ கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு" என்று வீட்டில் சொன்னால் அது குறை சொல்வதற்காக இல்லை, பௌதிகம். டிஎஸ்பியில் இரண்டு பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நீங்கள் தனியாகப் போகும்போது, இன்னொன்று டிலேயைப் பாதியாகக் குறைத்தோ எடுத்தோ இரண்டு பேருக்கும் பொதுவாக. ஆல்பாஸ் ஃபில்டர் (சத்த அளவைத் தொடாமல் அலையின் ஏற்ற இறக்க நேரத்தை மட்டும் மாற்றுவது) போட்டு இரண்டு சீட்டுக்கும் ஓரளவு சமாளிக்கும் வித்தையும் உண்டு, ஆனால் மைக் வைத்து அளக்கத் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம்.

இப்போது உங்கள் நண்பரின் கிக் பேனல். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு ஊர் நியாயம். 1990களில் அமெரிக்காவில் ஐஏஎஸ்சிஏ என்ற அமைப்பின் கார் ஆடியோ போட்டிகளில் கலந்துகொண்ட கார்களில் நல்ல டிஎஸ்பி என்பது எல்லோர் கையிலும் இல்லாத பொருள். அதனால் ஸ்பீக்கரை முடிந்தவரை முன்னாலும் தூரத்திலும் தள்ளி, கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் பதித்தார்கள், சிலர் டேஷ்போர்டுக்கு அடியில் ஹார்ன் வகை ஸ்பீக்கர் வைத்தார்கள். தூரம் கூடக் கூட இடது வலது வித்தியாசம் குறையும், கணக்கு அப்படித்தான். உங்கள் அளவுக் காரில் கதவில் 47 என்றால் கிக் பேனலில் 33 செ.மீ. ஒட்டி வரும். குறைகிறது, உண்மை. ஆனால் 33 என்பது இன்னமும் 0.95 மில்லிசெகண்ட், பாடகர் இன்னமும் வலது பக்கம்தான். அதாவது கிக் பேனல் செய்தாலும் உங்களுக்கு டிலே வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. அமெரிக்காவில் ஓட்டுகிறவர் இடது பக்கம். அவருடைய வெளிப்பக்கக் கிக் பேனலுக்குப் பக்கத்தில் இருப்பது இடது கால், அது பெரும்பாலும் சும்மா இருக்கும் கால். நமக்கு வலது பக்க ஸ்டீயரிங், வெளிப்பக்கக் கிக் பேனலுக்குப் பக்கத்தில் இருப்பது ஆக்ஸிலரேட்டர். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் காரில், பழைய ஹேட்ச்பேக் ஒன்று, ஃபைபர் கிளாஸில் கூடு செய்து வலது பக்கம் பதித்தேன், பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் ஷூ போட்டுக்கொண்டு ஓட்டும்போது பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போன கால் அந்தக் கூட்டின் விளிம்பில் சிக்கியது. ஒரு நொடிதான், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரியே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். பானட் திறக்கும் லீவரையும் அந்தக் கூடு பாதி மறைத்திருந்தது என்பது தனிக் கதை. இந்தச் செலவை நீங்களும் செய்ய வேண்டாம்.

ஆக ட்வீட்டர். வூஃபரை நகர்த்துவது தச்சு வேலை, ட்வீட்டரை நகர்த்துவது டபுள் சைடு டேப் வேலை. ஒயரைக் கொஞ்சம் நீட்டி, ட்வீட்டரை டேஷ்போர்டின் மூலையில், முன் கண்ணாடியும் ஏ பில்லரும் (அந்தக் கண்ணாடியின் பக்கத் தூண்) சேரும் இடத்துக்குச் சற்று இப்பால், டேப்பில் ஒட்டுங்கள். துளை போடாதீர்கள். முதல் நாள் இரண்டையும் எதிர் எதிரே பார்க்க வைத்துக் கேளுங்கள். அடுத்த நாள் இரண்டையும் பின்சீட்டின் நடுவை நோக்கித் திருப்புங்கள். அடுத்த நாள் வலது ட்வீட்டரை மட்டும் உங்கள் முகத்திலிருந்து விலக்கி, இடது ட்வீட்டரை உங்கள் முகத்தை நோக்கித் திருப்பிப் பாருங்கள்; கிட்டே இருப்பதன் கூர்மை தானாகக் குறைந்து, தூரத்தில் இருப்பது தெளிவாகும். தூர வித்தியாசத்தால் மட்டுமே வலது பக்கம் கிட்டத்தட்ட 4 டெசிபல் சத்தமாக இருக்கிறது, திறந்தவெளிக் கணக்கில். அதில் ஒரு பங்கைத் திருப்பும் கோணமே எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் இப்படி ஓட்டுங்கள், அலுவலகம் போய் வரும் வழியில். எந்த நாள் நீங்கள் ஸ்பீக்கரை மறந்து பாட்டைக் கேட்டீர்களோ அந்த இடம்தான்.

ஏ பில்லர் மேலேயே கூடு கட்டிப் பதிக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். பில்லர் பிளாஸ்டிக்கில் "எஸ்ஆர்எஸ் ஏர்பேக்" என்று எழுத்து இருந்தால் கை வைக்க விடாதீர்கள். கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரமாக வந்து அந்தப் பில்லருக்குள்தான் இறங்கும். அது வெடித்துத் திறக்கும்போது நீங்கள் ஒட்டிய ட்வீட்டர் கல் மாதிரி முகத்துக்கு வரும்.

எதை வைத்துக் கேட்பது என்பதற்கு ஒரு யோசனை. 1960களின் தமிழ்த் திரைப்பாட்டு ஏதாவது ஒன்று, டி.எம்.எஸ்., சுசீலா யார் பாடியதானாலும் சரி, மோனோவாக இருக்கிற பழைய பதிப்பு. பிற்காலத்தில் ஸ்டீரியோ ஆக்கி மெருகேற்றியது வேண்டாம். மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தம், அப்படியானால் குரல், வயலின், தபேலா எல்லாமே ஒரே புள்ளியில், டேஷ்போர்டு நடுவில் நிற்க வேண்டும். குரல் நடுவிலும் தபேலா வலது கதவிலும் இருந்தால் வூஃபர் டிலே தப்பு. "ச" மட்டும் இடது பக்கம் ஓடினால் ட்வீட்டர் லெவலோ டிலேயோ தப்பு. வாய் டேஷ்போர்டு மேலேயும் நெஞ்சு முழங்காலிலும் இருந்தால் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையே நேரமோ கிராஸ்ஓவரோ (மேல் சத்தத்தை ட்வீட்டருக்கும் கீழ்ச் சத்தத்தை வூஃபருக்கும் பிரித்துக் கொடுப்பது) ஒத்துப்போகவில்லை. காசு கொடுத்து டெஸ்ட் சிடி வாங்குவதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

டிஎஸ்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்போது உங்கள் காரில் இருப்பது பாஸிவ் கிராஸ்ஓவர், ஒரு பக்கத்து வூஃபரும் ட்வீட்டரும் ஒரே ஆம்ப் சேனலில் ஓடுகின்றன. விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட்களில் வரும் டிலே இந்தச் சேனலுக்குத்தான், ட்வீட்டருக்குத் தனியாக இல்லை. அப்படியே வைத்திருப்பதாக இருந்தால் ட்வீட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாமும். மேலே உள்ள அளவில் வலது வூஃபர் 84, ட்வீட்டர் 78, வித்தியாசம் 6 செ.மீ. கிராஸ்ஓவர் 3,000 ஹெர்ட்ஸில் இருந்தால் அங்கே அலைநீளம் 11.6 செ.மீ., பாதி 5.8. இரண்டும் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள இதுவே போதும். கிராஸ்ஓவரும் தன் பங்குக்கு அலையைக் கொஞ்சம் திருப்பும் என்பதால் கணக்கில் முடிவு தெரியாது, இரண்டு ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் ஒயரையும் மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும். எந்த நிலையில் குரல் முன்னால் வந்து நிரம்புகிறதோ அதில் விடுங்கள். பைசா செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். டிஎஸ்பி வாங்கினால் ட்வீட்டர், வூஃபர், சப் ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல் கிடைக்கிற மாதிரி, ஆறு அவுட்புட்டாவது இருப்பதாக வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டிஎஸ்பியில் ஒரு படி 0.02 மில்லிசெகண்ட், தூரத்தில் 7 மில்லிமீட்டர், தேவைக்கு மேலே இருக்கிறது. 96, 192 என்று விலை ஏற்றுவதற்கு டிலே காரணம் ஆகாது.

டேப் அளவு என்பது ஆரம்பப் புள்ளி. அதன்பிறகு காதுதான். இடது வலது வூஃபரைச் சரி பார்க்க நான் செய்வது: 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பிங்க் நாய்ஸை (சோதனைக்கான ஒரு சீரான இரைச்சல்) மோனோவில் ஓட விட்டு, ஒரு பக்கத்தின் போலாரிட்டியை (பிளஸ் மைனஸை) டிஎஸ்பியில் தலைகீழாக்கிவிடுவேன். அப்புறம் டிலேயை ஒவ்வொரு படியாக நகர்த்தினால் ஒரு இடத்தில் சத்தம் திடீரென்று மெலிந்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவும். அங்கே நிறுத்திப் போலாரிட்டியை நேராக்கினால் சத்தம் டக்கென்று நடுவில் கட்டியாக வந்து நிற்கும். சப்புக்கு டேப்பை நம்பவே நம்பாதீர்கள், ஃபில்டர்களே ஆளுக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கும், இடதும் வலதும் ஒத்துப்போன பிறகு முன்பக்கம் முழுவதையும் ஒன்றாக நகர்த்திக் கேட்டுத்தான் அதை ஒட்ட வைக்க வேண்டும்.

சீட்டை முன்னே பின்னே நகர்த்தினால் டியூனிங் போய்விடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 10 செ.மீ. பின்னால் தள்ளினாலும் இடது வலது வித்தியாசம் 2 செ.மீ. அளவுக்குத்தான் மாறும். ஆனால் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு 5 செ.மீ. பக்கவாட்டில் சாய்ந்தால் கிட்டத்தட்ட 6 செ.மீ. மாறிவிடும், பாடகரும் கூடவே சாய்வார். அளக்கும்போது நிஜமாக எப்படி உட்கார்ந்து ஓட்டுவீர்களோ அப்படி உட்காரச் சொன்னது அதற்குத்தான்.

பணத்தில் ஒரு பங்கைக் கதவுக்கு ஒதுக்குங்கள். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட், உள் தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை அடைப்பது, வூஃபருக்குக் கெட்டியான வளையம். வளையம் எம்டிஎஃப் (மர நார்ப் பலகை) வேண்டாம், மழை பெய்தால் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம், இரண்டு மழைக்காலத்தில் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். பின்கதவு ஸ்பீக்கரை ஃபேடரில் முழுக்க முன்னால் தள்ளி அணைத்துவிட்டே டியூன் செய்யுங்கள். பின்னால் உட்காருகிறவர்கள் கேட்டால் திறந்துகொள்ளலாம்.

பின்னால் எப்போதாவது கையில் காசு வந்தால் 3 இன்ச் மிட்ரேஞ்ச் ஒரு ஜோடி வாங்கி ட்வீட்டருக்குப் பக்கத்தில், அதே டேஷ்போர்டு மூலையில் வைத்து 400 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அதனிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு டிஎஸ்பியில் எட்டு அவுட்புட்டும், ஓட்ட இன்னும் இரண்டு ஆம்ப் சேனலும் வேண்டும், அந்த எண்ணம் இருந்தால் இப்போதே எட்டாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை டபுள் சைடு டேப்பும் இரண்டு மீட்டர் ஒயரும் வாங்கி வந்து ட்வீட்டரை ஒட்டுங்கள், ஒயர் ஸ்டீயரிங் தண்டிலோ பெடலிலோ சிக்காமல் டேஷ்போர்டு மேலாகவே கொண்டுபோங்கள். ஒரு வாரம் கழித்து எந்தக் கோணத்தில் நின்றது, அங்கிருந்து அளந்தால் ஐந்து தூரமும் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், டிலே எண்களை நான் போட்டுத் தருகிறேன்.